மாத்திரை தின்றால் கூந்தல் வளருமா?

அரியலூர் மாவட்டத்தில் வாரணவாசி என்று ஒரு கிராமம் இருக்கிறது.

2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அந்த ஊர் அங்கன்வாடிக்கு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்தார். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு பெட்டகம் கொடுத்தார்.

பெட்டகத்தில் என்ன இருந்தது?

நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச் சத்து டானிக். கூடவே பூச்சி மாத்திரை.

"ஊட்டச்சத்தை உறுதி செய்" என்பது அந்தத் திட்டத்தின் பெயர். 2022-ம் ஆண்டு மே 21-ந் தேதி ஊட்டியில் முதலில் தொடங்கியது. இரண்டாவது கட்டம் வாரணவாசியில் தொடங்கியது. பிறந்து 6 மாதம் ஆகாத குழந்தை மிகவும் மெலிந்து இருந்தால், அதன் தாய்க்கு இந்தப் பெட்டகம் கிடைக்கும். குழந்தை இளைத்திருக்கிறது. சாப்பாடோ தாய்க்கு! தாய் சாப்பிட்டால்தானே பால் ஊறும்?

இப்போது இன்னொரு டப்பாவைப் பார்ப்போம். இதை அரசாங்கம் கொடுக்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் என்று இல்லை, எல்லா ஊர்களிலும் மருந்துக் கடைகளில் இது கிடைக்கிறது. செல்போனில் பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. டப்பாவின் மேலே நீண்ட கூந்தல் உள்ள பெண்ணின் படம் இருக்கிறது. உள்ளே வைட்டமின் மாத்திரை இருக்கிறது. விலை 500 ரூபாய், 600 ரூபாய். 1,000 ரூபாய்க்கும் உண்டு. ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பிறகு மறுபடியும் வாங்க வேண்டும்.

கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 600 ரூபாய் சிறிய பணம் அல்ல. அதைக் கொடுத்தால் முடி வளருமா?

முடி எப்படி வளருகிறது?

மனிதன் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் வளருகிறது. சில ஆண்டுகள் வளர்ந்தபின், மூன்று மாதம் சும்மா இருக்கிறது. பிறகு விழுந்துவிடுகிறது. அதே குழியில் புது முடி முளைக்கிறது.

ஆகவே, ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. சீப்பில் முடியைப் பார்த்ததும் பயப்படவேண்டியது இல்லை.

பயப்படவேண்டிய உதிர்தல் வேறு. கை வைத்தால் கொத்தாக வரும். கடுமையான காய்ச்சல் வந்தவர்களுக்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கும், பெரிய துக்கம் அடைந்தவர்களுக்கும் இப்படி ஆகும். ஆனால் உடனே ஆகாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். காய்ச்சல் வந்தது சித்திரையில் என்றால், முடி கொட்டுவது ஆடியில்! அதனால் காரணம் தெரியாமல் பலர் திண்டாடுகிறார்கள். தண்ணீர் சரியில்லை என்பார்கள். எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கொரோனா வந்துபோன பிறகு, முடி கொட்டுகிறது என்று ஏராளமானவர்கள் டாக்டர்களிடம் போனது இதனால்தான்.

இந்த உதிர்தல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். முடி திரும்பவும் முளைக்கும்.

இங்கேதான் டப்பாவுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. முடி கொட்டும்போது பெண் டப்பாவை வாங்குகிறாள். நான்கு மாதம் மாத்திரை தின்கிறாள். முடி முளைக்கிறது. தின்னாமல் இருந்தாலும் முளைத்திருக்கும். ஆனால் பெயர் யாருக்கு? டப்பாவுக்கு! அடுத்த வீட்டுப் பெண்ணும் வாங்குகிறாள்.

பயோட்டின் என்றால் என்ன?

இந்த மாத்திரைகளில் முக்கியமாகச் சேர்ப்பது பயோட்டின். இது ஒரு வைட்டமின். உடம்புக்குத் தேவைதான். எவ்வளவு தேவை? ஒரு நாளைக்கு 30 அல்லது 40 மைக்ரோகிராம். மிளகாய் விதை அளவு கூட இல்லை. முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறது. நிலக்கடலையில் இருக்கிறது. பயோட்டின் குறைந்துபோனவர்கள் மிகவும் அபூர்வம். பச்சை முட்டையின் வெள்ளைக் கருவை நெடுநாள் குடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்தக் குறை வரலாம். வேகவைத்துச் சாப்பிட்டால் அந்த ஆபத்து இல்லை.

கடையில் விற்கும் மாத்திரையிலோ 5,000 மைக்ரோகிராம், 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. தேவையைப்போல 250 மடங்கு! உடம்பு இதை என்ன செய்யும்? மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். குறைவு உள்ளவர்களுக்கு பயோட்டின் பயன்படும். நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு முடியை வளர்க்கும் என்பதற்குச் சரியான சான்று இல்லை.

சிறுநீரில் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அதிக பயோட்டின் உடம்பில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை செய்தால், கணக்கு தப்பாக வரலாம். தைராய்டு இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் ஏமாற்றிவிடும். 2017-ம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பரிசோதனை தப்பாகக் காட்டியதால் ஒருவர் இறந்துபோனதாகவும் அதில் சொல்லப்பட்டது. டாக்டரிடம் போகிறவர்கள், "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடி மாத்திரைதானே என்று மறைக்கக்கூடாது.

சத்து கூடினாலும் முடி கொட்டும்

சத்து குறைந்தால் முடி கொட்டும். சரி. சத்து அதிகம் ஆனால்?

அப்போதும் கொட்டும்!

2008-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சத்துத் திரவத்தைக் குடித்தவர்களுக்கு முடி கொட்டியது. நகம் நிறம் மாறியது. 201 பேர் பாதிக்கப்பட்டனர். காரணம் என்ன? அந்தத் திரவத்தில் செலினியம் என்ற தாதுச் சத்து இருந்தது. சீட்டில் எழுதியிருந்த அளவைப்போல 200 மடங்கு அது கலந்துவிட்டது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு சம்பவம் நடந்தது. மராட்டிய மாநிலத்தில் புல்டானா மாவட்டம். 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசி. சில கிராமங்களில் திடீரென்று ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் முடி கொட்டத் தொடங்கியது. மூன்று நான்கு நாளில் மொட்டைத் தலை! கல்லூரிக்குப் போகும் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கலியாணப் பேச்சுகள் நின்றுபோயின. ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற டாக்டர் அங்கே போனார். தேள் கொட்டியவர்களைப் பிழைக்கவைக்கும் சிகிச்சையால் பெயர் பெற்றவர். ரத்தத்திலும் முடியிலும் செலினியம் மிகமிக அதிகமாக இருப்பதை அவர் கண்டார். பஞ்சாபிலிருந்து ரேஷனுக்கு வந்த கோதுமைதான் காரணம் என்றார். அதுபற்றி வாதம் கிளம்பியது. பலருக்கு முடி மறுபடியும் முளைத்தது.

வைட்டமின் ஏ-யும் இப்படித்தான். அளவு மீறினால் முடி கொட்டும். ஈரல் கெடும். கர்ப்பிணிகள் அளவுக்கு மேல் தின்றால் வயிற்றில் உள்ள பிள்ளைக்கே ஆபத்து. சத்து மாத்திரைதானே, கூட ஒன்று போட்டால் என்ன என்று நினைப்பது தப்பு.

குன்னூர் எலிகள்

வைட்டமின் என்ற பெயர் 1912-ம் ஆண்டில் பிறந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, நீலகிரியில் உள்ள குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் ஒவ்வொரு மாகாணத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாபியர் சாப்பாட்டை, அதாவது முழு கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றைத் தின்ற எலிகள் கொழுகொழு என்று இருந்தன. மயிர் பளபளத்தது. சென்னை மாகாணத்துச் சாப்பாடு தின்ற எலிகள்? இளைத்துப்போயின! தீட்டிய அரிசியை வயிறு நிறையத் தின்றும் பயன் இல்லை. குன்னூர் ஆராய்ச்சி சாலை 1958-ல் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுதான்.

நம் சாப்பாடு இன்னும் பெரிதாக மாறவில்லை. தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் ஒரு கரண்டி குழம்பு. முடி என்பது புரதம். புரதம் பருப்பில் இருக்கிறது. முட்டையில் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். வீட்டில் முட்டை வேகவைத்தால் யாருக்கு முதலில் போகிறது? அப்பாவுக்கும் பையனுக்கும். பெண்ணுக்கு மிஞ்சினால் உண்டு. பிறகு அதே பெண்ணுக்கு முடி கொட்டுகிறது என்று 600 ரூபாய்க்கு மாத்திரை!

பெரம்பலூர் வெங்காயம்

பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கம் வயல் வயலாக விளைகிறது. புழுவெட்டு விழுந்த இடத்தில் வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம். இதைப் பட்டிக்காட்டு வைத்தியம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஈராக் நாட்டு டாக்டர்கள் 2002-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புழுவெட்டு உள்ள 23 பேருக்கு வெங்காயச் சாறு தடவினார்கள். ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்தது. 23 பேர் என்பது சிறிய கணக்கு. புழுவெட்டு தானாக ஆறுவதும் உண்டு. ஆகவே, இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. புழுவெட்டுக்குச் சொன்னதை வழுக்கைக்கு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆண்களுக்கு நெற்றியிலிருந்து ஏறும் வழுக்கை வேறு சங்கதி. அது பரம்பரையாக வருவது. எந்த வைட்டமினுக்கும் அது மசியாது. அதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்று, ரத்தக் கொதிப்புக்காகக் கண்டுபிடித்த மருந்து! அதைத் தின்றவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்தது. அதைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவ ஆரம்பித்தார்கள்.

வழுக்கையையும் இளநரையையும் குணப்படுத்துவதாக மருந்துக் கம்பெனிகள் சொல்லிக்கொள்ளக்கூடாது. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. ஆனால் சத்து மாத்திரைகள் மருந்துச் சட்டத்தில் வருவதில்லை. உணவுச் சட்டத்தில் வருகின்றன. "மருந்தாகப் பயன்படுத்த அல்ல" என்று டப்பாவில் போட்டாக வேண்டும். போட்டிருக்கிறார்கள். எப்படி? ஆங்கிலத்தில், பெரும்பாலும் சிறிய எழுத்தில்! கூந்தல் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது ரத்தம்

தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது.

ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால், உடம்பு சிக்கனம் செய்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் முதலில் கொடுக்கிறது. முடிக்குக் கடைசி இடம். ஆகவே, கொட்டும் முடி சில பெண்களுக்கு ரத்தசோகையின் அடையாளம். மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். இந்தப் பெண் முடி மாத்திரை தின்றுகொண்டு ஆறு மாதத்தைக் கழித்தால் என்ன ஆகும்? ரத்தசோகை முற்றும். அவள் கர்ப்பம் ஆனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வாரணவாசியில் பெட்டகம் வாங்கிய தாய்மாருக்குத் தேவைப்பட்ட இரும்பு டானிக், அவளுக்கும் தேவைப்படும்.

ரத்தம் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். பெரம்பலூரில் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தார்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறையக்கூடாது. தைராய்டு கோளாறு இருந்தாலும் முடி கொட்டும். அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ரத்தசோகை என்று தெரிந்தால் இரும்பு மாத்திரையை இலவசமாகவே கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பெரிய பெண்களுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையும் அதே இனம்தான். அதை டீயோடு விழுங்கக்கூடாது. டீ, இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும்.

மாத்திரை தின்னத் தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம். கெடுதல் இல்லை. ரத்தம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் சில மாதம் தின்ன வேண்டியிருக்கும். தலையில் புது முடி வெளியே தெரிய அதற்குள் மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். தெரியும்போதும் அது ஒரு விரல் கணு நீளம்தான் இருக்கும்.