பீரங்கிக்கு முந்திய வேதசாட்சிகள்

கொழும்பில் கிறிஸ்தவத்தின் வயதைக் கேட்டால் பதில் சட்டென்று வரும்: 1505, போர்த்துக்கேயர் வந்த ஆண்டு. ஹெவ்லொக் டவுன்வாசிகளைக் குறை சொல்ல முடியாது. பிரித்தானிய ஆளுநர் ஒருவரின் பெயரையே முகவரியில் சுமப்பவர்களுக்கு எல்லாமே கப்பலேறி வந்ததாகத்தான் தோன்றும். ஆனால் 1912இல் அநுராதபுரத்தில் கிடைத்த கற்சிலுவை அந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது. இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்று இருந்ததாக ஆறாம் நூற்றாண்டிலேயே கொஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதிவிட்டார்.

அந்த நெடுங்காலத்தில் படையும் பீரங்கியும் இல்லாமல் இந்தக் கடற்பக்கம் வந்து மாண்டவர்களும் உண்டு. இத்தாலியின் தொலந்தீனோ ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி தோமஸ் அவர்களில் ஒருவர். ஏழ்மை நோன்பில் விட்டுக்கொடுக்க மறுத்ததால் சொந்தச் சபையே அவரைச் சிறையில் வைத்தது. விடுதலையானதும் ஆர்மேனியா போனார். பின்னர் சீனத்தில் பணியாற்றிய மொந்தெகொர்வீனோ யோவானின் கடிதங்களைப் பாப்பரசரிடம் சேர்ப்பித்தார். அந்த யோவானும் போகிற வழியில் இந்தியாவில் பதின்மூன்று மாதம் தங்கி, நூறு பேரளவில் திருமுழுக்குக் கொடுத்தவர்தான்.

முதிய வயதில் தோமஸ் மூன்று தோழர்களோடு ஹோர்முஸில் கப்பலேறினார். போக நினைத்தது கொல்லம். காற்று தள்ளிய இடம் இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தானே. அங்கே நெஸ்தோரியக் கிறிஸ்தவர் ஒருவரின் வீட்டில் தங்கினார்கள். வீட்டுக்காரர் மனைவியை அடித்தார். அவள் காதியிடம் முறையிட்டாள். சாட்சி யார் என்று கேட்டபோது வீட்டிலிருந்த துறவிகளைச் சொன்னாள். நால்வரில் ஒருவரான பேதுரு சாமான்களுக்குக் காவல் இருக்க, மற்ற மூவரும் போனார்கள். அடிதடி வழக்கு அங்கே சமய வாதமாகிவிட்டது. நபிகளைப் பற்றிக் கேட்டபோது தோமஸ் கடுஞ்சொல் சொன்னார். மூவரையும் வெயிலில் கட்டிவைத்தார்கள். 1321 ஏப்ரல் 9 அன்று கொன்றார்கள். காவல் இருந்த பேதுருவும் இரண்டு நாள் கழித்துக் கொல்லப்பட்டார்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் காயம் ஆறாத கொழும்பில் இந்தக் கதையைக் கவனமாகத்தான் சொல்லவேண்டும். இதைப் பதிவுசெய்த ஒதோரிக் துறவியே, தானேயின் ஆளுநர் முதலில் அவர்களைத் தப்பவிடப் பார்த்தார் என்றும், கொலைக்காக டில்லி சுல்தான் பின்னர் அந்த ஆளுநரைத் தண்டித்தார் என்றும் எழுதுகிறார். ஒதோரிக் நேரில் பார்த்தவரல்லர். நெருப்பு சுடவில்லை என்பது போன்ற அற்புதங்களையும் சேர்த்திருக்கிறார். ஆனாலும் இரு சமயத்தாரின் பகையாக மட்டும் அவர் இதைச் சுருக்கவில்லை.

கொல்லப்பட்டவர்களின் எலும்புகளை ஒதோரிக் சீனம் வரை சுமந்துபோனார். இலங்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: மலைக் குளத்தில் மாணிக்கம் தேடும் ஏழைகள், அட்டை கடிக்காமலிருக்க எலுமிச்சைச் சாற்றை உடம்பில் பூசினார்களாம். சிங்கராஜ வனத்துக்குத் தேசிக்காயோடு போகிறவர்களுக்கு இது புதிதல்ல.

மன்னாரில் நடந்ததைத் தானேயின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1544இல் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற அறுநூறு பேரளவில் அங்கே யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனால் கொல்லப்பட்டார்கள். அவன் அஞ்சியது சிலுவையை விட, அதன் பின்னால் நின்ற போர்த்துக்கேயக் கப்பல்களைத்தான். பிரான்சிஸ் சவேரியாரும் மன்னன் மீது படையெடுப்பை விரும்பினார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். தானேயில் மாண்டவர்களுக்காக எந்தக் கப்பற்படையும் கிளம்பவில்லை. ஜோர்தான் என்ற டொமினிக்கன் துறவி உடல்களை அடக்கம் செய்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். 1329இல் கொல்லத்தின் ஆயரானார்.

கிறிஸ்தவம் என்றாலே வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு கொண்டுவந்தது என்று சொல்கிறவர்களுக்கு மன்னார் மட்டும் தெரிந்தால் போதாது. சமய பாடமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர்கள் அநுராதபுரச் சிலுவைக்கும் தானேயின் நால்வருக்கும் ஒரு பாடவேளையாவது ஒதுக்கவேண்டும்.