மார்க்கு குறைந்ததா, கூலி குறைந்ததா?

ஒவ்வொரு கோடையிலும் பரீட்சை முடிவு வருகிறது. உடனே கனவான்கள் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள்: “சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, வாத்தியார்கள் சரியில்லை!” திண்டுக்கல் போன்ற மில் ஊர்களில் இந்தப் பேச்சு வருஷம் தவறுவதில்லை.

கனவான்களே, நாங்கள் கேட்கிறோம். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறித்துவிட்டு வகுப்பில் வந்து உட்காரும் சிறுவனுக்குக் கண் சொருகாதா? தாய் நைட் ஷிப்டுக்குப் போனபின் கைக்குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் சிறுமி கணக்குப் போடுவது எப்போது? டியூஷனுக்குப் பணம் கட்டும் வீட்டுப் பிள்ளையோடு இவளை ஓடவிட்டு, பிந்தியவளை மந்தம் என்பது என்ன நியாயம்?

பள்ளியை விட்ட பெண்களுக்காகவே காத்திருந்தார்கள் பஞ்சாலை முதலாளிகள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைபட்டு உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டினார்கள். அந்தக் கொத்தடிமைத்தனத்துக்குச் சூட்டிய பெயர் ‘சுமங்கலித் திட்டம்’! மார்க்குப் பட்டியலில் இந்தக் கணக்கு உண்டா?

தந்திரம் பழையது. 1953-ல் ராஜாஜி சர்க்கார், கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், 1954-ல் திட்டம் குழிக்குப் போயிற்று. 2016-ல் டில்லி குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்துவிட்டது.

1956-ல் காமராஜ் காலத்தில் மதிய உணவு வந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் வீட்டில் கூலி பற்றாதபோது, பள்ளிச் சோறு மட்டும் பிள்ளையைக் கரையேற்றிவிடாது.

பணமில்லையாம்! தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது 1966-ல் கோத்தாரி கமிஷன். 1968 கல்விக் கொள்கையும் அதைச் சொன்னது. 2020 கொள்கையும் சொன்னது. ஏட்டிலே ஆறு உண்டு. நாட்டிலே இன்னும் வரவில்லை. பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்குக் கையெழுத்திடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. அது யார் பணம்? சோப்புக்கும் சீப்புக்கும் வரி கட்டும் நம் பணம்!

தோழர்களே! பிள்ளையை அடிக்காதீர்கள், வாத்தியாரை வையாதீர்கள். அவரும் நம்மைப்போல் சம்பளத்துக்கு உழைப்பவரே. காலி வாத்தியார் பணியிடங்களை நிரப்பு, மில் வாசலில் குழந்தைக் காப்பகம் திற, வாழத்தக்க கூலி கொடு என்று கேட்போம். கூலிப் போராட்டமும் பள்ளிக்கூடப் போராட்டமும் வேறுவேறல்ல. சங்கக் கூட்டத்தில் இன்றே இதைப் பேசுங்கள்!