குளிர்காலம் யாருக்காக?

டிசம்பர் வந்தால் போதும், குளிர்நாடுகளில் பாம்பு வளர்க்கிறவர்களிடம் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இயற்கையில் குளிர்காலத்தில் அடங்கித்தானே கிடக்கும்? நாமும் ஹீட்டரை அணைத்துப் போடுவோம்." இந்த 'இயற்கை' என்கிற சொல்லோடுதான் என் சண்டை.

முதல் கேள்வி, எந்த இயற்கை? பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. கானாவிலும் பெனினிலும் பனி ஏது? அதைக் குளிரில் போடுவது நோயை விலை கொடுத்து வாங்குகிற வேலை. சளி பிடித்து நுரையீரல் கெடும்.

சரி, குளிர் அறிந்த பாம்புகள்? கனடாவின் மனிடோபாவில், நார்சிஸ் என்ற இடத்தில் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளுக்குள், உறைபனி எட்டாத ஆழத்தில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. வேறு வழியில்லாமல் கிடக்கின்றன. எல்லாமும் வசந்தத்தில் மேலே வருவதுமில்லை. ஆனாலும் இடுக்குக்குள் இருக்கிற பாம்பு குளிர் கூடினால் இன்னும் கொஞ்சம் கீழே நகரலாம். உங்கள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது எங்கே போகும்?

செரிமானத்துக்கும் பாம்பு வெளிச்சூட்டைத்தான் நம்பியிருக்கிறது. எலி விழுங்கிய பாம்பை 12 டிகிரியில் வைத்தால் இரை வயிற்றிலேயே அழுகும். தெரிந்தவர்கள் இரண்டு வாரம் முன்பே தீனியை நிறுத்துவார்கள். தண்ணீரை எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் இது முழுத் தூக்கம் இல்லை, பாம்பு நடுவில் எழுந்து குடிக்கும். 'இயற்கை' பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குளிரூட்டுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: இனப்பெருக்கம். கார்ட்டர் பாம்பில் குளிரைக் கடக்காத ஆண் பெண்ணை நாடுவதே இல்லை. குட்டி வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாம்பின் எடை பார்த்து, மருத்துவரிடம் காட்டி, முறையாகச் செய்யுங்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. உங்கள் ஆசையைப் பாம்பின் தேவை என்று சொல்வதுதான் பொறுக்கவில்லை.

நான் வளர்ப்பது கார்ன் ஸ்னேக். எனக்கு முட்டை வேண்டாம், அதனால் அதற்குக் குளிர்காலமும் வேண்டாம். உங்களுடையது ஜனவரியில் தானாகவே இரை மறுக்கலாம். பதறாதீர்கள், வாயில் திணிக்காதீர்கள். வாராவாரம் எடை போடுங்கள், இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் ஓடுங்கள். ஹீட்டரை மட்டும் அணைக்காதீர்கள்.