மாண்ட விமானக் கம்பனி மீளுமா?

ஒருமுறை மாண்டு, பின்னர் மீண்டு, மறுமுறையும் மாண்டுபோன விமானக் கம்பனியொன்று நம் நாட்டுச் சரித்திரத்திலே உண்டு. மிஹின் லங்கா என்பது அதன் பெயர். அப்பெயர் அந்நாளைய ஜனாதிபதியின் பெயரை நினைவூட்டுகின்றதே என்று பலரும் பேசிக்கொண்டனர், அது நிற்க. குறைந்த கட்டணத்திலே சாமானியரும் பறக்கவேண்டும் என்ற நோக்கோடு 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அரசாங்கம் அதனைத் தொடக்கிற்று. ஓராண்டளவில் அது நின்றுபோயிற்று. 2009இன் தொடக்கத்திலே மீண்டும் பறந்தது. 2016 ஒக்டோபரோடு முற்றாக மறைந்தது. அதன் வழித்தடங்களை ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய கம்பனியை மறுபடியும் எழுப்புதல் கூடுமா என்ற வினா செல்வந்தருக்கு உரியதன்று. ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் வெல்லாவெளியிலும் மத்திய கிழக்கிற்கு ஆளனுப்பாத தெரு அரிது. தாலிக்கொடியை ஈடுவைத்துப் பிரயாணச் சீட்டு வாங்கும் குடும்பத்திற்குக் கட்டணத்திலே பத்தாயிரம் ரூபா குறைந்தால் அது சிறு தொகையா?

மலிவுக் கட்டணம் எவ்வாறு சாத்தியமாகின்றது என்பதை மாணவர்கள் முதலில் அறிதல் வேண்டும். மண்டூர்த் துறையிலே படகு கரையில் கட்டிக்கிடந்தால் கூலி கிடைக்குமா? ஆட்களை இறக்கி, ஏற்றி, உடனே திரும்பினாலன்றோ வருவாய் உண்டு! ஆகாயவிமானமும் அப்படியே. 1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்திலே பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் கம்பனி உலகுக்குக் காட்டிய வழி இதுதான். ஒரே இன விமானங்களை வைத்துக்கொள்வது, தரித்து நிற்கும் நேரத்தைச் சுருக்குவது, ஆசனங்களை நிரப்புவது. ஆனால் இம்முறை பலிப்பதற்கு விமானங்கள் பல வேண்டும். விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றை மாத்திரம் வைத்திருக்கும் கம்பனியில் ஒன்று பழுதுபட்டால் அன்றைய நேரசூசி முழுவதும் குலைந்துவிடும். அன்றியும், நம்மவர் சீட்டுக்குக் கொடுப்பது ரூபா. எரிபொருளுக்கும் விமானக் குத்தகைக்கும் கம்பனி கொடுப்பது டொலர். மிஹின் லங்கா முதன்முறை நின்ற 2008ஆம் ஆண்டிலேதான் மசகெண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலர் வரை ஏறிற்று.

நின்ற கம்பனி பிழைத்த கதைகளும் இல்லாமலில்லை. இந்தியாவிலே 2014 டிசம்பரில் ஸ்பைஸ்ஜெட் கம்பனிக்குக் கடனுக்கு எரிபொருள் கொடுக்க மறுத்துவிட்டனர். விமானங்கள் தரையிலே நின்றன. ஆனால் சில மணி நேரம் மாத்திரமே. அதனை முன்பு தொடங்கியோருள் ஒருவரான அஜய் சிங் அடுத்த மாதமே பொறுப்பை மீள ஏற்றார். அக்காலத்தில் எண்ணெய் விலையும் பாதியாக வீழ்ந்தது. கம்பனி பிழைத்தது, பின்னாளில் வந்த இடர்கள் வேறு கதை. கோ பர்ஸ்ட் கம்பனியோ 2023 மே மாதம் நின்றது. விமானங்களுக்கு உரியவர்கள் அவற்றை மீட்க நீதிமன்றம் ஏறினர். வழக்கு நீண்டது, விமானங்கள் அகன்றன, 2025 ஜனவரியில் கம்பனியைக் கலைக்குமாறு தீர்ப்பாயம் கட்டளையிட்டது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை காலம் ஒன்றே என்பது நம் கருத்து. கம்பனி நின்றதும் குத்தகை விமானங்கள் உரியவரிடம் போய்விடும். விமானிகள் சம்பளம் கிடைக்கும் இடத்தைத் தேடிச் செல்வர். விமான நிலையங்களில் பெற்றிருந்த நேரங்கள் பிறருக்கு வழங்கப்படும். ஆறு மாதம் கழிந்தால் எஞ்சுவன பெயரும் கடனுமே. அதன்மேல் எழுப்பப்படுவது பழைய பெயர்ப்பலகை தாங்கிய புதிய கம்பனியேயாகும்.

அவ்வாறாயின் மிஹின் லங்கா பல மாதங்கள் கழித்து எங்ஙனம் மீண்டது? திறைசேரி கைகொடுத்தது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததன்றி அதில் ஏறியறியாத வாகரை மீனவனும், சீனிக்கும் பருப்புக்கும் கொடுத்த வரியினாலே அதன் நட்டத்தைச் சுமந்தான். டுபாய்ச் சீட்டு மலிந்தது உண்மை. அம்மலிவின் விலையைக் கொடுத்தவன் அவன். ஆகவே, அரசாங்கப் பணத்தால் அதனை மூன்றாம் முறை எழுப்புக என்று எவரேனும் கூறின் நாம் அதற்கு உடன்படோம்.

முன்னுதாரணம் வேண்டுமாயின் எயார் சிலோனை நோக்கலாம். 1947இல் தோன்றிய அக்கம்பனி 1978இல் நின்றது. அதனை ஒட்டுப்போட முயலாது, 1979இல் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் துணையோடு எயார் லங்கா என்ற வேறு கம்பனியை அமைத்தனர். அது பின்னாளில் ஸ்ரீலங்கன் ஆகி நட்டத்தில் ஆழ்ந்தது வேறு விடயம். தொடக்கம் செவ்வையாகவே இருந்தது.

எயார் சிலோன் விமானம் நம் வாவிக்கரை நிலையத்திலே வந்திறங்கிய நாட்களை நினைவுகூரும் முதியோர் இன்னும் உளர். பின்னர் நெடுங்காலம் விமானப்படையின் வசமிருந்த அந்நிலையம் 2016இல் பொதுமக்கள் சேவைக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பெரிய ஜெட் விமானம் இறங்க ஓடுபாதை போதாது. ஆயினும் யாழ்ப்பாணத்திற்கு 2019இல் சென்னையிலிருந்து வந்ததும் எழுபது பேர் அளவில் ஏறத்தக்க ஏ.டி.ஆர். விமானமே, 2024இல் இண்டிகோ கம்பனி அவ்வழியில் விட்டதும் அவ்வினமே. மட்டக்களப்பார் திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல முதலில் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஓர் இரவைக் கழித்துக் கொழும்பை அடைந்து, அங்கிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டியிருந்தது. மிஹின் லங்காவை எழுப்பச் செலவாகும் பணத்திலே ஒரு சிறு பங்கை நம் ஓடுபாதைக்கு ஒதுக்கி, இறங்கு கட்டணத்தைச் சில ஆண்டுகள் தள்ளுபடி செய்தால், பிறர் விமானம் இங்கு வருமா வராதா என்று பார்த்துவிடலாம்.