ஆற்றைக் கடந்த பணமும் கடவாத மொழியும்

கொள்ளிடம் வெறும் ஆறன்று. ஓர் எல்லைக் கோடு. அதன் தென்கரையில் காவிரி பாயும் நன்செய். வடகரையில் அரியலூரும் பெரம்பலூரும். அங்கே பெரும்பகுதி வானம் பார்த்த புன்செய். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண்.

1904 அக்தோபர்த் திங்களில் தென்கரைக் குடந்தையில் ஒரு வைப்பகம் தோன்றியது. கும்பகோணம் வங்கி என்பது அதன் பெயர். இன்றைய சிட்டி யூனியன் வங்கியின் தொடக்கம் அதுவே. அதன் முதற்கிளை 1930இல் மன்னார்குடியில் திறக்கப்பட்டது. பின்னர் நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மணப்பாறை, மயிலாடுதுறை, பொறையாறு எனக் கிளைகள் பெருகின. இவ்வரிசையில் கொள்ளிடத்தின் வடகரை ஊர் ஒன்றேனும் இல்லை. அணைக்கரை வழியே செயங்கொண்டம் எட்டும் தொலைவில் இருந்தும் இல்லை!

இதற்காக அவ்வைப்பகத்தாரைப் பழிப்பதிற் பயனில்லை. தனியார் முதல் விளைவு உறுதியான இடத்தையே நாடும். வானம் பொய்த்தால் கொடுத்த கடனும் பொய்க்கும் என்னும் அச்சம் பணத்தை ஆற்றங்கரையிலேயே நிறுத்திவிடும். வைப்பகம் இல்லாத ஊரிலோ வட்டிக்கடைக்காரனே வைப்பகம். அவன் எழுதியதே கணக்கு.

இக்குறையை அன்றே உணர்ந்தவர் இருந்தனர். பிரெடரிக்கு நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகள் உழவர்க்குக் கூட்டுறவுக் கடனே வழி என்றன. 1904இல் கூட்டுறவுக் கடன் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் சிற்றூர்க் கடன் கழகம் பதிவாயிற்று. 1969 சூலை 19 அன்று இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீசு வங்கி உள்ளிட்ட 14 பெருவைப்பகங்கள் நாட்டுடைமையாயின. அதன் பின்னரே வைப்பகக் கிளைகள் சிற்றூர்களை நோக்கிப் பெருமளவில் நடந்தன. வருவாயை மட்டும் கருதிய முதல் கடவாத ஆற்றைச் சட்டம் கடக்கச் செய்தது.

இனி, வைப்பும் வட்டியும் வெள்ளையன் கொணர்ந்த புதுமைகள் என்று எண்ணுவோர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காணவேண்டும். கோயிற் பண்டாரத்துக் காசு ஊரவைகளுக்குக் கடனாக அளிக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அஃதாவது நூற்றுக்கு 12½. நெல்லாக அளப்பின் காசுக்கு மூன்று குறுணி. நந்தா விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். கிழ ஆடு கழியக் குட்டிகள் ஈடுசெய்யும்; தொகை குறையாது. முதலைத் தொடாமல் பயனை மட்டும் நுகரும் வைப்பு நெறியை இதனினும் தெளிவாக எம்மொழியில் சொல்ல முடியும்?

அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடுதற்கும் இல்லை. கடன் பெற்றோருள் பலர் பார்ப்பனக் குடியிருப்புகளின் அவையினரே. உழுதவன் பெயர் அக்கல்லில் அரிது. ஆயினும் ஒன்று உண்மை. கொடுத்தது எவ்வளவு, பொலிசை எவ்வளவு, அளக்க வேண்டிய நாள் எது என்பன எல்லாம் கடன்பட்ட ஊரின் மொழியிலேயே, எவரும் மாற்றவியலாதபடி கல்லில் நின்றன.

இன்று அரியலூரிலும் பெரம்பலூரிலும் வைப்பகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் உழவன் ஒப்பமிடும் கடன் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அலுவலர் விரல் வைக்கும் இடத்தில் அவன் ஒப்பமிடுகிறான். எதற்கு ஒப்பினான் என்பதைத் தவணை தவறிய பின்பே அறிகிறான். வட்டிக்கடைக்காரன் ஏட்டுக்கும் இத்தாளுக்கும் அவனைப் பொறுத்தமட்டில் வேறுபாடு என்ன?

நெறிகள் இல்லாமல் இல்லை. கணக்குத் தொடங்கும் படிவம் முதலியன வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று இரிசர்வு வங்கியின் 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியது. 2024 ஏப்பிரல் சுற்றறிக்கையோ, தனியாட் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் உரிய முதன்மைச் செய்தித் தாள் கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்டு, விளக்கவும் படவேண்டும் என்றது. இந்நெறி பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் ஐயமறப் பொருந்துமாறு விரிக்கப்படல் வேண்டும். சுருக்கத் தாள் மட்டுமன்றி, ஒப்பமிடும் ஒப்பந்தம் முழுமையும் தமிழில் அமைதல் வேண்டும். வழக்கு எழுமாயின் அத்தமிழ்ப் படியே செல்லும் என்பதும் உறுதியாதல் வேண்டும்.

இது மொழிப்பற்று மட்டுமன்று. நிலத்தையும் தாலியையும் காக்கும் செயல். தமிழறிந்த இளைஞர் தம் ஊர் உழவரோடு வைப்பகத்துக்குச் சென்று, தமிழ்த் தாள் தருமாறு எழுத்தால் கேட்கட்டும். தாராவிடின் தாராமைக்குரிய விளக்கத்தையும் எழுத்தாலேயே பெறட்டும். கேட்பவன் ஒருவனாயின் மறுப்பர். ஊரே கேட்பின் அச்சிடுவர். பணம் என்றோ கொள்ளிடத்தைக் கடந்துவிட்டது. தமிழும் கடந்தாலன்றி வடகரை உழவன் இன்னும் அக்கரையிலேயே நிற்கிறான்.