ரெண்டு சாவியும் ஒரே பையில்

போன ஞாயிறு அக்கா அல்சூர் வீட்டுக்கு வந்திருந்தாள். பையனுக்கு மும்பைக்கு மேற்கே, நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை கிடைத்திருக்கிறது. "நீதான் பேங்க்ல ரிஸ்க் பாக்குறவனாச்சே, அனுப்பலாமாடா?" என்றாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 2005 ஜூலை 27. அதற்கு முந்தின நாள்தான் மும்பையில் 944 மி.மீ. மழை கொட்டியது. மும்பை ஹை வயலில் 'சமுத்திரா சுரக்ஷா' கப்பலின் சமையற்காரருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. ஹெலிகாப்டர் பறக்க முடியாது. சரி, மேடைக்குக் கொண்டுபோய் சிகிச்சை கொடுக்கலாம் என்று முடிவு. காற்று மறைவான பக்கத்து கிரேன் வேலை செய்யவில்லை, அதனால் காற்றடிக்கும் பக்கமாக நெருங்கினார்கள். கப்பலைத் திருப்பும் த்ரஸ்டரிலும் கோளாறு, கையால் ஓட்டினார்கள். ஆளை இறக்கியும் விட்டார்கள். விலகும்போது கப்பல் எரிவாயுக் குழாயில் இடித்தது. இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லை. 384 பேரில் 22 பேர் போய்விட்டார்கள்.

இதில் வில்லன் யாருங்க? ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான், அடிபட்டவனைக் காப்பாற்றத்தானே போனார்கள்! எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து "நிறுத்து" என்று சொல்ல ஆள் இல்லை.

2021 மே மாதம் டவ்தே புயலுக்கு வானிலைத் துறை சில நாள் முன்பே எச்சரித்தது. ஆனாலும் பி-305 பார்ஜ் 261 பேரோடு துறைமுகம் திரும்பாமல் கடலிலேயே நின்றது, மூழ்கியது. அதிலும் 'வரப்ரதா' இழுவைப் படகிலுமாக 80 பேருக்கு மேல் இறந்தார்கள். எச்சரிக்கை வந்து சேர்ந்தது. வேலையை விட்டுத் திரும்பும் முடிவுதான் வரவில்லை.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. முன்பு ஒரு கிளையில் பெட்டக அறைக்கு ரெண்டு சாவி, ரெண்டு அதிகாரிகள். மார்ச் மாத நெருக்கடியில் ஒரு நாள் சக அதிகாரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கிளம்ப, ரெண்டு சாவியும் என் பையில். ரிஜிஸ்டரில் ரெண்டு கையெழுத்தும் ஒழுங்காக இருந்தது. பணம் ஒன்றும் போகவில்லை. போகவில்லை என்பதாலேயே அடுத்த வாரமும் அதையே செய்தோம். ஆடிட்டில் முழு மார்க்!

ரிஸ்க் ஷீட்டில் வால்வு எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை பழுதாகும் என்று இருக்கும். வடகடல் பைப்பர் ஆல்ஃபாவில் 1988-ல் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த சேதி இரவு ஷிஃப்ட்டுக்குச் சேரவில்லை. 167 உயிர். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அக்காவிடம் "அனுப்பு" என்றுதான் சொன்னேன். மருமகனிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்: "ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட்டெல்லாம் கொடுத்துடுவாங்கப்பா. சேர்ந்த முதல் வாரமே ஒண்ணு விசாரி. கடைசியா அங்க வேலையை நிறுத்தச் சொன்னது யாரு, அவர் இப்ப எங்க இருக்கார்?"

அந்த ஆள் அதே இடத்தில் மரியாதையோடு வேலை பார்த்தால், அது நல்ல மேடை.