கண்ணில் பிழையா, கண்ணாடியில் பிழையா?



விடியப்புறம் மூன்று மணிக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடும் சகோதரி ஒருவர் அண்மையில் எம்மிடம் கவலைப்பட்டார். கணவரை இழந்தபின் லீசிங்கில் எடுத்த பட்டா வாகனம் அவருடையது. “எதிரே லைட் வந்தால் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் போகுது, அக்கா. கண் பழுதாப் போச்சோ தெரியேல்லை. இரவு ஓட்டத்தை விட்டால் மாதக்காசு கட்ட வழியில்லை” என்றார். ஏ-9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும் நேரம் அது. அவர் பயந்ததில் நியாயமுண்டு.

முதலில் ஒரு சோதனை செய்யச் சொன்னோம். இரவில் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று தூரத்து வெளிச்சத்தைப் பாருங்கள். அப்போதும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் போங்கள். வெளியே தெளிவு, உள்ளே மங்கல் என்றால் பிழை கண்ணாடியில். அவருக்குக் கண்ணாடிதான்.

1990களில் மின்சாரமில்லாத இரவுகளில் லாம்புச் சிமினி துடைத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. சிமினிக் கரி கண்ணுக்குத் தெரியும். இந்தப் படலமோ பகலில் தெரியாது; எதிர் வெளிச்சம் பட்டதும் அதைச் சிதறடித்துக் கண்ணைக் கூசவைக்கும். வெயிலில் நிற்கும் வாகனத்தில் டாஷ்போட் பிளாஸ்டிக் சூடேறி விடும் ஆவிதான் எண்ணெய்ப்பசைபோலக் கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. நாங்கள் வெளிப்புறத்தை நாளும் கழுவி, உட்புறத்தை மறந்துவிடுகிறோம்.

பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பழைய பருத்தித் துணியில் நனைத்து உட்புறத்தைத் துடையுங்கள். கதவுகள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். காயமுன் இன்னொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணியென்றால் பசை இடம்மாறுமே தவிரப் போகாது. டாஷ்போட்டுக்கு மினுக்கம் பூசுவதையும் விட்டுவிடுங்கள்.

வெளிப்புறத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கேத்தலின் அடியில் படிவதுபோலக் கிணற்று நீரின் வெள்ளைக் கறை இருந்தால், வினாகிரியும் தண்ணீரும் சமபங்கு கலந்து பூசி, சில நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வைப்பர் றப்பரையும் கறுப்பு வராதவரை துடையுங்கள். சாம்பல், கம்பித்தும்பு வேண்டவே வேண்டாம். கீறல் விழுந்தால் மாறாது.

கராஜ்காரர் ஒருவர் சொல்லித்தந்த வழி: உட்புறத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்புறத்தைக் குறுக்காகவும் துடைத்தால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தது என்று உடனே தெரியும்.

இவ்வளவுக்கும் மங்கல் போகாவிட்டால் வெளிப்புறத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரத்தில் தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் அது மண்துகள் பட்ட பொட்டுக்குழிகளும் கீறல்களும். துணியால் தீராது. ஆழமாக இருந்தால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். பழைய கண்ணாடி வாங்குவதென்றால் அதையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

நம் சகோதரியின் துணியில் வந்தது மண்ணிற அழுக்கு. அவர் இப்போது மாதம் இரு தடவை துடைக்கிறாராம். செலவென்று வந்தது ஸ்பிரிட்டும் வைப்பர் றப்பரும்தான்.